இன்வாய்ஸ் ஒன்று போய்த் திரும்பும் பாதை: நான்கு கிளவுட் ஒருங்கிணைப்புத் தளங்களின் ஒப்பீடு

ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தில் கணக்கு எஸ்ஏபியில் இருக்கும், வாடிக்கையாளர் விவரம் சேல்ஸ்ஃபோர்ஸில் இருக்கும், கிடங்குக்கு ஒரு மென்பொருள், ஊதியத்துக்கு வேறொன்று. வங்கியும் ஜிஎஸ்டி தளமும் நிறுவனத்துக்கு வெளியே இருக்கும். இவற்றுக்கு நடுவே நின்று, ஒன்றின் மொழியை மற்றொன்றுக்குப் புரியும்படி மாற்றிக் கொண்டுசேர்ப்பதே ஒருங்கிணைப்புத் தளத்தின் வேலை. எதை வாங்குவது என்ற பேச்சு எழுந்ததும் விற்பனையாளர்கள் தரும் ஒப்பீட்டு அட்டவணையில் முதல் வரிசை பெரும்பாலும் கனெக்டர்களின், அதாவது ஒவ்வொரு மென்பொருளோடும் இணைய உதவும் ஆயத்த இணைப்பான்களின், எண்ணிக்கையாகவே இருக்கிறது. அந்த எண்ணை வைத்து எவரும் நல்ல முடிவு எடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு நிறுவனம் உண்மையில் பயன்படுத்துவது பத்துப் பதினைந்து கனெக்டர்களைத்தான். அவை எல்லாத் தளங்களிலும் இருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு என்பது என் கருத்து. பாதி வழியில் ஒரு செய்தி அறுந்து நின்றால் அதை எப்படிக் கண்டுபிடித்து மீட்பது? எதை எண்ணிப் பணம் வாங்குகிறார்கள்?

மியூல்சாஃப்ட், எஸ்ஏபி இன்டகிரேஷன் சூட், அஸூர் லாஜிக் ஆப்ஸ், பூமி (Boomi) ஆகிய நான்கு தளங்களில் இவற்றைச் சோதிக்க, இந்திய நிறுவனங்கள் பலவற்றுக்கும் பழக்கமான ஒரு பாதையை எடுத்துக்கொள்கிறேன். 2020 அக்டோபர் 1 அன்று ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மின்-இன்வாய்ஸ் கட்டாயமாயிற்று. 2023 ஆகஸ்ட் 1 முதல் அந்த வரம்பு 5 கோடி. விற்பனை இன்வாய்ஸை ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். அது ஐஆர்என் என்ற 64 எழுத்துள்ள இன்வாய்ஸ் அடையாள எண்ணையும் கையொப்பமிட்ட க்யூஆர் குறியீட்டையும் திருப்பி அனுப்பும். அந்த எண், விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவதால், ஒரே இன்வாய்ஸை இரண்டாம் முறை அனுப்பினால் புது எண் வராது. ‘ஏற்கெனவே பதிவானது’ என்ற பிழைதான் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில் இதுவே இரவு பதினொரு மணிக்குச் சிக்கலாக வந்து நின்றது. மாதக் கடைசி நாள். பதிவுத் தளம் மெதுவாகப் பதில் சொன்னது. எங்கள் ஃப்ளோ, அதாவது செய்தியைக் கொண்டுபோகும் படிகளின் தொடர், முப்பது வினாடி காத்திருந்துவிட்டுத் தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்பியது. முதல் முறை அனுப்பியது உண்மையில் பதிவாகியிருந்தது. எனவே இரண்டாம் முறை நகல் பிழை வந்தது. ஃப்ளோ அதையும் தோல்வி என்றே குறித்துக்கொண்டது. ஐஆர்என் வராததால் சரக்கு ஏற்றிய லாரிகள் கேட்டில் வரிசையாக நிற்க, கணக்குப் பிரிவினர் ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துக் கையால் உள்ளிட்டார்கள். நகல் பிழையோடு பழைய ஐஆர்என்னும் சேர்ந்தே வருகிறது. அதை எடுத்து எஸ்ஏபிக்கு அனுப்பியிருந்தால் போதும். தவறு எங்கள் வடிவமைப்பில்தான். ஆனால் இத்தகைய தவறைச் செய்யவிடாமல் தடுப்பதிலும், செய்த பிறகு சீக்கிரம் காட்டிக்கொடுப்பதிலும் தளத்துக்குத் தளம் பெரிய வேறுபாடு இருக்கிறது.

மியூல்சாஃப்டிலிருந்து தொடங்கலாம். 2006இல் தொடங்கிய இந்த நிறுவனத்தை 2018இல் சேல்ஸ்ஃபோர்ஸ் சுமார் 650 கோடி டாலருக்கு வாங்கியது. இதன் எனிபாயின்ட் தளத்தின் பலம் டேட்டாவீவ் என்ற மாற்று மொழி. ஐந்து அடுக்கு ஆழமுள்ள எக்ஸ்எம்எல் கோப்பைத் தட்டையான ஜேசனாக மாற்றுவதற்கு டேட்டாவீவில் பத்து வரி போதும் என்ற இடத்தில், வேறு தளங்களில் பெட்டிகளை இழுத்துக் கோடு போட்டு அரை நாள் செலவழிக்க நேரும். மேற்சொன்ன நகல் சிக்கலுக்கு, ஒரு செய்தி முன்பே வந்ததா என்று பார்த்து நிறுத்தும் ஆயத்த உறுப்பு இதில் உண்டு. மறுமுயற்சிக்கும் தனி உறுப்பு உண்டு. எம்யூனிட் வழியாகச் சோதனைகளை எழுதி, மேவன் வழியாக வெளியீட்டைத் தானியங்கியாக்கலாம் என்பதால், நிரல் எழுதத் தெரிந்த குழுவுக்கு இது சொந்த வீடு போல இருக்கும். அத்தகைய குழு இல்லாத நிறுவனம் இதை வாங்கினால், ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் வெளி ஆலோசகரை எதிர்பார்த்தே காலம் தள்ள வேண்டியிருக்கும்.

மியூல்சாஃப்டின் விலைமுறையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏபிஐகளை, அதாவது ஒரு மென்பொருள் மற்றொன்றை அழைக்கும் வாயில்களை, மூன்று அடுக்குகளாகக் கட்டுமாறு அந்த நிறுவனமே பரிந்துரைக்கிறது: அடியில் மூல மென்பொருளைத் தொடும் அடுக்கு, நடுவில் வணிக நடைமுறை, மேலே பயனர் அல்லது சாதனத்துக்கான அடுக்கு. மறுபயன்பாட்டுக்கு இது உண்மையிலேயே நல்ல முறை. ஆனால் நீண்ட காலம் கட்டணம் விகோர் என்ற கணினித் திறன் அலகில் இருந்தது. ஒவ்வொரு செயலிக்கும் குறைந்தது 0.1 விகோர் ஒதுக்க வேண்டும். ஒரே பாதையை மூன்று செயலிகளாகப் பிரித்தால் ஒதுக்கீடும் மூன்று மடங்காகும். இதனால், நல்ல வடிவமைப்பு எது என்று தெரிந்தே பல குழுக்கள் அடுக்குகளைச் சுருக்கி ஒரே செயலிக்குள் அடைத்துவிட்டன. 2023இல் ஃப்ளோக்களையும் செய்திகளையும் எண்ணும் முறை அறிமுகமானது. புதிதாக ஒப்பந்தம் போடுபவர்கள், தங்கள் வடிவமைப்பு வரைபடத்தை மேசையில் வைத்துக்கொண்டு, ஒரு இன்வாய்ஸ் அந்தப் பாதையில் போனால் எத்தனை செய்தியாக எண்ணப்படும் என்று விற்பனையாளரையே எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

எஸ்ஏபி இன்டகிரேஷன் சூட்டின் கதை வேறு. இந்தியாவில் இதை வாங்கும் பலர் விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் என்பதைவிட, பழைய வீட்டின் குத்தகை முடிவதால் இடம் பெயர்பவர்கள் என்று சொல்வதே சரி. எஸ்ஏபியின் பழைய ஒருங்கிணைப்பு மென்பொருளான ப்ராசஸ் ஆர்க்கெஸ்ட்ரேஷனின் 7.5 பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியில் முடிகிறது. கூடுதல் கட்டணத்துடன் 2030 வரை நீட்டிக்கலாம். நூற்றுக்கணக்கான இடைமுகங்களை அதில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது குறுகிய காலம்தான். அப்பாச்சி கேமல் என்ற திறந்த மூல ஒருங்கிணைப்பு மென்பொருளை அடித்தளமாகக் கொண்ட இன்டகிரேஷன் சூட்டில் ஐஃப்ளோ என்ற வரைபடமாகப் பாதை அமைகிறது; சிக்கலான இடங்களில் க்ரூவி நிரல் எழுதலாம். ஐடாக், ஆர்எஃப்சி போன்ற எஸ்ஏபியின் உள் வழிகளை இது இயல்பாகப் பேசும். இந்திய மின்-இன்வாய்ஸுக்கு எஸ்ஏபியே ஆயத்தத் தொகுப்பு தருகிறது என்பதால், நமது சோதனைப் பாதையில் முதல் எழுபது சதவீத வேலை முடிந்த நிலையிலேயே கிடைக்கிறது என்பது என் மதிப்பீடு. ஏற்கெனவே நடந்த அழைப்பை மீண்டும் நடத்தாமல் தடுக்கும் படியும் இதில் உண்டு.

ஆனால் நள்ளிரவில் பிழை தேடுபவருக்கு இந்தத் தளம் அவ்வளவு தயவு காட்டுவதில்லை. செய்தியின் உள்ளடக்கத்தைப் படிப்படியாகப் பார்க்க ட்ரேஸ் நிலையை இயக்க வேண்டும். அது பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், பதிந்ததும் ஒரு மணி நேரம்தான் நிற்கும். பிழை வருவதற்கு முன்பே ட்ரேஸை இயக்கிவைத்திருந்தால்தான் பயன். வந்த பிறகு தேடினால், எந்தப் படியில் நின்றது என்பது தெரியும், அப்போது உள்ளே என்ன இருந்தது என்பது தெரியாது. ஆகவே, முக்கியமான இடங்களில் உள்ளடக்கத்தை நாமே பத்திரப்படுத்தும் ஏற்பாட்டை முதல் நாளிலேயே ஐஃப்ளோவில் சேர்த்துவிட வேண்டும். கட்டணம் செய்திகளின் எண்ணிக்கையில். 250 கேபி ஓர் அலகு என்பதால் ஒரு எம்பி அளவுள்ள கோப்பு நான்கு செய்தி. சிறு இன்வாய்ஸ்களுக்கு இது சாதகம், இரவில் முழுப் பொருட்பட்டியலையும் ஒரே கோப்பாக அனுப்பும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பாதகம்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது மைக்ரோசாஃப்டின் அஸூர் லாஜிக் ஆப்ஸ். 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. சர்வீஸ் பஸ், ஏபிஐ மேனேஜ்மென்ட், ஈவென்ட் கிரிட் ஆகிய மற்ற அஸூர் சேவைகளோடு சேர்த்துத்தான் இதை ஒரு முழுத் தளமாகக் கொள்ள முடியும். நான்கில் பிழை தேடுவதற்கு மிக எளிதானது இதுவே என்று தயங்காமல் சொல்வேன். ஓட்ட வரலாற்றைத் திறந்தால் ஒவ்வொரு படிக்கும் உள்ளே போனது என்ன, வெளியே வந்தது என்ன என்று அப்படியே தெரியும். தோற்றதைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஓட விடலாம். இதன் மறுபக்கம் ஒன்று உண்டு: வாடிக்கையாளரின் வங்கி விவரமும் அந்த வரலாற்றில் அப்படியே தெரியும். எந்தப் படிகளின் உள்ளடக்கத்தை மறைக்க வேண்டும் என்று குறித்துவைக்க மறக்கக் கூடாது. வெளித் தளத்தை அழைக்கும் படி தோற்றால், நாம் ஒன்றும் சொல்லாமலே நான்கு முறை வரை மறுமுயற்சி நடக்கும். ஐஆர்என் விஷயத்தில் இந்தக் கேட்காத உதவிதான் ஆபத்து. அந்த அமைப்பை மாற்றிவிட்டு, நகல் பிழைக்குத் தனிக் கிளை போட வேண்டும்.

கட்டணத்தில் இரண்டு வகை. பயன்பாட்டு வகையில் ஓடும் ஒவ்வொரு படிக்கும் காசு. நாற்பது வரிகள் கொண்ட ஒரு இன்வாய்ஸை வரிவரியாகச் சுற்றி, வரிக்கு மூன்று படி வைத்தால், ஒரு இன்வாய்ஸுக்கு 120 படிகள். நாளுக்குப் பத்தாயிரம் இன்வாய்ஸ் என்றால் 12 லட்சம் படிகள். சுற்றைத் தவிர்த்து முழு இன்வாய்ஸையும் ஒரே மாற்றுப் படியில் மாற்றினால் அதே வேலை பத்தாயிரம் படிகளில் முடியும். ஒரு வடிவமைப்பாளரின் அரை மணி நேரச் சிந்தனை மாதாந்திரக் கட்டணத்தை இந்த அளவு மாற்றும் தளம் இந்த நான்கில் வேறு இல்லை. நாள் முழுதும் ஓடும் பாதைகளுக்கு, படிக்கணக்கு பார்க்காமல் கணினித் திறனுக்கு விலை சொல்லும் ஸ்டாண்டர்ட் வகையே பொருத்தம். மைக்ரோசாஃப்டின் பழைய ஒருங்கிணைப்பு மென்பொருளான பிஸ்டாக் சர்வரில் பழைய பாதைகளை வைத்திருப்பவர்களுக்கும் இதுவே இயல்பான அடுத்த இடம். 2020 பதிப்புக்குப் பிறகு பிஸ்டாக்கில் புதுப் பதிப்பு வரவில்லை. பணப் பரிவர்த்தனைத் தரவை இந்தியாவிலேயே வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் உத்தரவிட்டதால், தரவு மையம் எங்கே என்பதும் முக்கியம். அஸூருக்குப் புனே, மும்பை, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் மையங்கள் உண்டு.

பூமி தளத்துக்கு நான் பொதுவாகக் கேள்விப்படும் மதிப்பைவிடக் கூடுதல் மதிப்பு தருகிறேன். 2000இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொடங்கி, 2010இல் டெல் கைக்குப் போய், 2021இல் இரண்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு 400 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. ஆட்டம் (Atom) என்ற சிறிய இயக்கியே இதன் மையம். அதை பூமியின் கிளவுடிலும் ஓட்டலாம், ஆலையில் இருக்கும் நம் சர்வரிலும் ஓட்டலாம். வரைவதும் கண்காணிப்பதும் கிளவுடில், தரவு ஓடுவது ஆட்டத்துக்குள். ஊருக்கு ஊர் ஆலை வைத்திருந்து, ஒவ்வோர் ஆலையிலும் பழைய தரவுத்தளம் ஒன்றை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். இரண்டு பேர் கொண்ட ஐடி பிரிவுகூட மூன்று வாரத்தில் முதல் பாதையை ஓட்டிவிடும். ஒரு பகுதி தோற்றால் ஐந்து முறை வரை மறுமுயற்சி செய்யச் சொல்லலாம். நகல் தடுப்பை மட்டும் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். குறை எங்கே என்றால், பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் குழுவில்: யார் எதை மாற்றினார், எந்த மாற்றம் நேரலைக்குப் போனது என்பதை நிரல் கோப்புகளைப் போல வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வலுவாக இல்லை. இதில் வழக்கமாக இணைப்புகளின் எண்ணிக்கைதான் கட்டணத்துக்கு அடிப்படை என்பதால், சில மென்பொருட்களுக்கு இடையே ஏராளமான செய்திகள் ஓடும் நிறுவனத்துக்கு லாபம்.

வொர்க்காட்டோ, ஸ்னாப்லாஜிக், ஆரக்கிள் இன்டகிரேஷன் ஆகிய மற்றத் தளங்களை இங்கே விரிவாக எடுக்கவில்லை. மனிதவளப் பிரிவோ விற்பனைப் பிரிவோ தாமே சிறு இணைப்புகளைச் செய்துகொள்ள வேண்டுமானால் வொர்க்காட்டோ நல்ல தேர்வு. ஆரக்கிள் மென்பொருட்களில் வேரூன்றிய நிறுவனம் ஆரக்கிளிலேயே தொடர்வது நல்லது. இன்னொரு ஒருங்கிணைப்புத் தளமான வெப்மெத்தட்ஸ் 2024இல் ஐபிஎம் வசம் போனது. தரவு ஒருங்கிணைப்பு நிறுவனமான இன்ஃபர்மேட்டிகாவை வாங்குவதாக 2025 மே மாதம் சேல்ஸ்ஃபோர்ஸ் அறிவித்தது. முதலாளி மாறும்போது விலைமுறையும் மாறக்கூடும் என்பதால், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் புதுப்பிக்கும் விலைக்கு உச்சவரம்பு கேட்டு வாங்குவது அவசியம்.

மையத்தில் எஸ்ஏபி இருந்து, பெரும்பாலான செய்திகள் அங்கிருந்தே கிளம்புமானால் இன்டகிரேஷன் சூட்டை விட்டு வெளியே போகக் காரணம் தேவை. கூட்டாளிகளுக்கும் செல்பேசிச் செயலிகளுக்கும் ஏபிஐகளைத் திறந்துவிடுவதே வணிகமாக உள்ள வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ, சொந்த நிரலாளர் குழு இருக்குமானால், மியூல்சாஃப்ட். அலுவலகம் முழுதும் மைக்ரோசாஃப்ட் என்றால் அஸூர். பல ஆலைகள், சிறிய குழு என்றால் பூமி. இரண்டு தளங்களை ஒரே நிறுவனம் வைத்துக்கொள்வதும் தவறில்லை. எஸ்ஏபிக்குள் இன்டகிரேஷன் சூட்டும் வெளியே அஸூரும் என்ற இணை நன்றாகவே வேலை செய்கிறது, எல்லைக்கோடு எங்கே என்று எழுதிவைத்திருந்தால்.

எதுவாயினும், வாங்குவதற்கு முன் விற்பனையாளரை ஒரு நாள் உட்காரவைத்து நமது இன்வாய்ஸையே கொடுக்க வேண்டும். பதிவுத் தளத்தின் சோதனைச் சூழலுக்கு அனுப்பச் சொல்லி, பதில் வரும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து இணைப்பைக் கொடுத்துவிட்டு, யாரும் விசைப்பலகையைத் தொடாமல் அந்த ஐஆர்என் எஸ்ஏபிக்குள் வந்து சேர்கிறதா, சேரவில்லை என்றால் எந்தத் திரையில் அது தெரிகிறது, அந்தத் திரையை நமது கணக்குப் பிரிவு ஊழியரால் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று, அவரையே பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.