ஒரு ஜோடி ஸ்விஸ் ப்ளூ டோபாஸ்: நிறம் பொருந்தியது, ஆழம் பொருந்தவில்லை

தோடு செய்வதற்காக, நீள்வட்ட வடிவில் 8×6 மில்லிமீட்டர் அளவுள்ள ஸ்விஸ் ப்ளூ டோபாஸ் கற்கள் இரண்டை, ஜெய்ப்பூரிலிருந்து இணையவழியே விற்கும் ஒரு வியாபாரியிடம் 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். கோயம்புத்தூரில் எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாக நகை செய்யும் ஆசாரி அவற்றை 18 காரட் தங்கத்தில் பதித்துக் கொடுத்துவிட்டார். நிறத்துக்கு முழு மதிப்பெண்ணும் பட்டை தீட்டிய நேர்த்திக்கு அதில் பாதியும் தருவேன். இந்தக் கல்லைப் பொறுத்தவரை இரண்டாவது மதிப்பெண்ணே முக்கியம் என்பது என் கருத்து.

இயற்கையிலேயே நீலமாகக் கிடைக்கும் டோபாஸ் அரிது; அப்படிக் கிடைப்பதும் பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். கடைகளில் நாம் பார்க்கும் அடர் நீலக் கற்கள் பிரேசில், நைஜீரியா, இலங்கை போன்ற நாடுகளில் நிறமற்றவையாகத் தோண்டியெடுக்கப்பட்டு, கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டு, அதனால் ஏறும் பழுப்பு நிறம் நீங்கும்படி ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் சூடாக்கப்பட்டவை. ஸ்கை ப்ளூ எனப்படும் வெளிர் நீலம் எலெக்ட்ரான் கற்றையால் கிடைக்கிறது. சாம்பல் கலந்த அடர் நிறமான லண்டன் ப்ளூ அணு உலையின் நியூட்ரான்களால் கிடைக்கிறது. இடையில் நிற்கும் பளிச்சென்ற ஸ்விஸ் ப்ளூவுக்குப் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். உலையிலிருந்து வரும் கற்களை அவற்றின் கதிரியக்கம் பாதுகாப்பான அளவுக்குக் குறையும்வரை வைத்திருந்த பிறகே சந்தைக்கு விட வேண்டும். அமெரிக்காவில் இதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் தேவை. இவ்வாறு ஏற்றிய நிறம் வெயிலிலோ அன்றாடப் பயன்பாட்டிலோ மங்குவதில்லை. ஆக, நீலத்தை வேண்டிய அளவுக்கு உண்டாக்கிக்கொள்ள முடிகிற கல்லில் நிறத்துக்கென்று பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்கும் பணம் பட்டை தீட்டியவரின் கைவேலைக்கும் ஜோடி சேர்த்தவரின் கண்ணுக்கும் போக வேண்டும்.

விற்பனைப் பக்கத்தில் ‘இயற்கைக் கல்’ என்று மட்டும் இருந்தது. கதிர்வீச்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்டபோது தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். ஆனால், கேட்காதவருக்கும் தெரியும்படி அதை எழுதிவைப்பதே முறை. வழக்கமான ரத்தினப் பரிசோதனையில் இந்தச் செயல்முறை நடந்ததா என்பதைக் கண்டறிய முடியாது என்பதால், ஆய்வகச் சான்றிதழ் இருந்தாலும் இந்தத் தகவல் விற்பவரிடமிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

இனி கற்களுக்கு வருவோம். வெள்ளைத் தாளின்மேல், வெயில் நேரடியாக விழாத சன்னலோரத்தில் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தேன். பிறகு இடது, வலது மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்படி மாற்றும்போது ‘அடர்ந்த கல்’ என்று தோன்றியதும் கூடவே இடம் மாறினால்தான் நிற வேறுபாடு உண்மை. இல்லையென்றால் அது வெளிச்சம் செய்யும் வேலை. இந்த ஜோடியில் நிற வேறுபாடு அறவே இல்லை. இரவில் வீட்டின் மஞ்சள் விளக்கிலும் இரண்டும் ஒரே நீலமாகத்தான் இருந்தன. லண்டன் ப்ளூவைத் தவிர்த்து இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் இதுதான்: அந்த அடர் நிறம் சிறிய கல்லில், குறிப்பாக மாலை வேளைக் கல்யாண மண்டபங்களில், கறுத்துப் போய்விடுகிறது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் இரண்டு கற்களும் குறையின்றித் தெளிவாக இருந்தன. இந்த வகை டோபாஸில் அது பெரிய சாதனை அல்ல, எதிர்பார்க்க வேண்டிய தரமே.

சிக்கல் ஆழத்தில், அதாவது கல்லின் மேற்பரப்பிலிருந்து அடிமுனை வரையுள்ள உயரத்தில் இருந்தது. நீளமும் அகலமும் சொன்னபடியே சரியாக இருக்க, காலிப்பரில் ஒரு கல்லின் ஆழம் 4.4 மில்லிமீட்டராகவும் மற்றதன் ஆழம் 3.9 மில்லிமீட்டராகவும் வந்தது. எடை முறையே 1.53 காரட், 1.36 காரட். விற்பனைப் பக்கத்தில் ஜோடியின் மொத்த எடையான 2.89 காரட்டை மட்டுமே தந்திருந்ததால் இந்த வேறுபாடு வெளியே தெரியவில்லை. அரை மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் டோபாஸின் ஒளிவிலகல் எண் (ஒளியைக் கல் எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 1.62, அதற்குரிய மாறுநிலைக் கோணம், அதாவது ஒளி வெளியேறாமல் உள்ளேயே திரும்பத் தொடங்கும் கோணம், 38 டிகிரிக்குச் சற்று மேல். அடிப்பகுதிப் பட்டைகளின் சாய்வு அதற்குக் கீழே போனால், மேலிருந்து நுழைந்த ஒளி திரும்பி வராமல் அடிவழியே வெளியேறிவிடும். ஆழம் குறைந்த கல்லை அச்சடித்த தாளின்மேல் வைத்தபோது அதன் நடுவே எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. ஆழமான கல்லிலோ எழுத்து எதுவும் தெரியாமல் முழுப் பரப்பும் மின்னியது. நிறத்தில் இரட்டையர், மின்னலில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இருந்தும் திருப்பி அனுப்பவில்லை. காதுக்கு ஒன்றாகப் பிரிந்து நிற்கும் கற்களை எதிரில் இருப்பவர் ஒரே பார்வையில் ஒப்பிடுவது அரிது என்பதால் தோடு இத்தகைய வேறுபாட்டைப் பெருமளவு மறைத்துவிடுகிறது. நெருங்கி எடுத்த புகைப்படத்தில் மட்டும், இடக்காதுக் கல்லின் நடுப்பகுதி சற்று வெளிறித் தெரிவதை, தேடுகிறவர் கண்டுபிடிக்கலாம். இதே ஜோடியை ஒரு மோதிரத்தில் நடுக்கல்லின் இருபுறமும் வைக்க நினைத்திருந்தால் தயங்காமல் மறுத்திருப்பேன்.

கல் அசல்தானா என்ற கேள்விக்கு எடை ஓரளவு விடை தருகிறது. டோபாஸின் ஒப்படர்த்தி (அதே கன அளவு நீரைவிட எத்தனை மடங்கு எடை என்பது) ஏறத்தாழ 3.5, அக்வாமரீனுக்கு அது 2.7 அளவிலேயே இருக்கும். ஆகவே, இதே அளவும் ஆழமும் உள்ள அக்வாமரீன் கண்கூடாக எடை குறைந்திருக்கும். சாதாரணக் கண்ணாடியும் அப்படியே. ஆனால் நீலச் செயற்கை ஸ்பினலின் ஒப்படர்த்தி 3.6ஐ ஒட்டியது என்பதால் தராசை மட்டும் நம்ப முடியாது. ஒளிவிலகல் எண்ணை அளந்து பார்க்கும்படி உள்ளூர் ரத்தினப் பரிசோதகரிடம் கொடுத்தேன். டோபாஸ் என்பது உறுதியானது. ராசிக்கல்லாகக் கருதி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: நகைக்கடைகளில் கனக புஷ்பராகம் என்று தரப்படுவது குருந்தம் (கொரண்டம்) என்ற கனிம வகையைச் சேர்ந்த மஞ்சள் கல், இந்த டோபாஸுக்கும் அதற்கும் உறவில்லை.

பதிக்கும் வேலையில் ஆசாரி சொன்ன இரண்டு விஷயங்களும் கவனிக்கத் தக்கவை. பின்புறம் மூடிய க்ளோஸ்டு செட்டிங்கில் வைத்தால் அடியிலுள்ள மஞ்சள் தங்கத்தின் சாயல் ஏறி நீலம் பச்சையடித்துவிடும் என்று சொல்லி, பின்புறம் திறந்த ஓப்பன் செட்டிங்கையே அவர் வற்புறுத்தினார். ஆழம் குறைந்த கல்லுக்கு மட்டும் கல் உட்காரும் இடத்தைச் சற்று உயர்த்தி, இரண்டின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி செய்தார். பற்றவைக்கும் வேலை முழுவதும் முடிந்த பிறகே கல்லை வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. டோபாஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 8 என்பதால் அதன்மேல் கீறல் எளிதில் விழாது. ஆனால் ஒரு திசையில் வழுவழுப்பாகப் பிளந்துபோகும் இயல்பு அதற்கு உண்டு. திடீர்ச் சூடோ, சரியான கோணத்தில் விழும் ஓர் அடியோ போதும். அதே காரணத்தால் கடைகளில் உள்ள மீயொலிக் கருவியிலும் நீராவியிலும் இதைச் சுத்தம் செய்யக் கொடுக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பழைய டூத்பிரஷ் இவையே போதும்.

பொதியல் நன்றாக இருந்தது. இரு கற்களும் தனித்தனி மடிப்பில் வந்தன. விலையும் நியாயமே. இந்த வியாபாரியிடமே மறுபடி வாங்குவேன், ஆனால் மொத்த எடையை ஏற்காமல், ஒவ்வொரு கல்லின் எடையையும் ஆழத்தையும் முன்கூட்டியே கேட்டு வாங்குவேன். அதே தொகுப்பிலிருந்து மூன்றாவதாக ஒரு கல் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறேன். தோட்டில் ஒரு கல் தொலைந்தாலோ பிளந்தாலோ, வேறொரு முறை கதிர்வீச்சுக்குப் போய்வந்த கல்லில் இதே நீலம் அமையும் என்று உறுதியில்லை. இம்முறை 4.4 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.