மாடித்தோட்டம் போடறவங்க, ஆன்லைன்ல ஸ்ட்ராபெர்ரி செடி வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

இன்னைக்கு மத்தியானம்தான் விஷயம் உறுதியாச்சு. ஆத்திரம் அடங்கலை, ஆனா இன்னொருத்தர் அங்க பணம் போடறதுக்குள்ள எழுதிடணும். "மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி, டிஷ்யூ கல்ச்சர்" (லேப்ல திசுவுல இருந்து வளர்த்த செடி)னு சொல்லி என்கிட்ட 2,600 ரூபாய் வாங்கினாங்க. வந்தது ஸ்ட்ராபெர்ரியே இல்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் புல்லுக்குள்ள தானா படர்ந்து கிடக்குமே, மஞ்சள் பூ பூக்கிற காட்டுச்செடி, அதுதான்.

வித்தது வீடியோ போட்டு வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்கிற ஒரு ஆன்லைன் நர்சரி. பெயர் போட்டா பதிவையே தூக்க வெச்சிடுவாங்க, அதனால போடலை.

கோயம்புத்தூர் வெயிலுக்கு வருமான்னு ஒரு மெசேஜ்தான் அனுப்பினேன். உடனே போன் வந்துச்சு. "அக்கா, மாடியில வெயில் எந்தப் பக்கம் விழுது? மதியத்துக்கு மேல நிழல் இருக்குதா? ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, பார்த்துட்டுத்தான் செடி தருவேன்"னாரு. அனுப்பினேன். "குருத்து மண்ணுக்குள்ள போயிடக்கூடாதுக்கா, அழுகிடும். மண்மட்டத்துக்கு மேலயே நிக்கணும். செப்டம்பர், அக்டோபர்ல வெச்சாத்தான் குளிருக்குப் பூ எடுக்கும்"னு பொறுமையா சொல்லிக் கொடுத்தாரு. அதுல ஒரு வார்த்தை தப்பில்லை. இவ்வளவு அக்கறையா பேசற தம்பியை யார்தான் சந்தேகப்படுவாங்க? "காய்க்கலைன்னா காசு வாபஸ்க்கா"ன்னும் சொன்னாரு. 12 செடிக்கு 1,800, மண்கலவைக்கு 650, கூரியர் 150. மொத்தம் 2,600-ஐயும் ஜிபே பண்ணிட்டுத்தான் போனையே வெச்சேன்.

இலை மூணு மூணாத்தான் இருந்துச்சு, கொடியும் ஓடுச்சு. பூ வந்தப்போ மஞ்சள். போட்டோ அனுப்பிக் கேட்டா, "வெரைட்டி அப்படித்தான்க்கா". காயும் வந்துச்சு. கோலிக்குண்டு அளவுதான், நல்லா உருண்டை, காம்பு மேல நிமிர்ந்து நிக்குது, தோல்ல விதையெல்லாம் சிவப்பா புடைச்சுக்கிட்டு இருக்கு. பழம் எப்போன்னு ஸ்கூல் விட்டு வந்ததும் மாடிக்கு ஓடிட்டு இருந்த என் பொண்ணுதான் முதல்ல கடிச்சா. இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, வாசனைகூட இல்லை. உள்ளே வெள்ளையா சக்கை. "அம்மா, இது ஸ்ட்ராபெர்ரி இல்லை"ன்னு அப்படியே கீழே வெச்சுட்டா.

திரும்பக் கேட்டேன். "உங்க ஊரு வெயில்"னாரு. அடுத்த தடவை "தண்ணி ஜாஸ்தி விட்டுட்டீங்க". அப்புறம் "ஓனர்கிட்ட பேசிட்டு சொல்றேன்". பேசறது அதோட நின்னுபோச்சு, நீல டிக் மட்டும் விழுந்துட்டு இருந்துச்சு. வீடியோவுக்குக் கீழே கமெண்ட் போட்டேன், அதை அழிச்சுட்டு என்னை பிளாக் பண்ணிட்டாங்க. தண்ணி ஜாஸ்தியானா வெள்ளைப் பூ மஞ்சளாகுமா? இந்தப் பதிலுக்கா நான் 2,600 ரூபாய் கொடுத்தேன்?

ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற கோத்தகிரிப் பொண்ணுகிட்ட இன்னைக்கு போட்டோ காட்டினேன். பார்த்த உடனே, "அக்கா, இது எங்க டீத்தோட்டத்து ஓரமா மாடு மிதிச்சுட்டுப் போற செடி. காசு கொடுத்தா வாங்கினீங்க?"ன்னா. சும்மா புடுங்கிட்டு வந்த செடிக்கு ஒண்ணு 150 ரூபாய்! தொட்டியில ஸ்ட்ராபெர்ரி வளர்க்கிறது எப்படின்னு விவரமா எழுதணும்னு இருந்தேன். இப்போ அதுக்கெல்லாம் மனசு இல்லை, இதை மட்டும் சொல்லிடறேன்.

நிஜ ஸ்ட்ராபெர்ரிப் பூ வெள்ளை, பழம் தொங்கும். வாங்கப்போற அதே செடி பூவோட நிக்கிற போட்டோ கேளுங்க. தரலைன்னா விட்டுடுங்க. வின்டர் டான், ஸ்வீட் சார்லி, கமரோசான்னு ரகத்தோட பேரை பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. முன்பணம் வேண்டவே வேண்டாம். முடிஞ்சா நேர்ல போய்ப் பார்த்து எடுங்க. அந்த நர்சரியோட பேஜ்லயே நீல ஸ்ட்ராபெர்ரி விதைன்னும் விக்கறாங்க, அப்படி ஒரு பழமே உலகத்துல கிடையாது, எல்லாம் கலர் மாத்தின போட்டோ. போன்ல பேசினதையெல்லாம் எழுத்துல கேட்டு வாங்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

நான் காலைல நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணப் போறேன். ஜிபே ரசீது, மஞ்சள் பூ போட்டோ, அந்தச் சாட் எல்லாம் கையில இருக்கு. 2,600 ரூபாயும் திரும்பி வர்ற வரைக்கும் விடறதா இல்லை.