கட்டிக் கொடுப்பதா, பணத்தைக் கொடுப்பதா? லாத்தூரும் கச்சும்

நிலநடுக்கத்தில் வீடு போனவருக்கு அரசே வீடு கட்டித் தரலாம். இல்லை, பணத்தைக் கொடுத்து அவரையே கட்டிக்கொள்ளச் சொல்லலாம். இந்தியாவில் எட்டு ஆண்டுகளுக்குள் இரண்டையும் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டோம்.

முதலில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர். 1993 செப்டம்பர் 30, பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து படுத்த இரவு. விடியுமுன் மண்சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவர்கள் தூங்கியவர்கள் மேலேயே சரிந்தன. உயிர் பிழைத்தவர்களுக்குக் கல்லைக் கண்டாலே பயம். வேறு இடத்தில் வீடு வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். உலக வங்கிக் கடனோடு மகாராஷ்டிர அரசு 52 கிராமங்களைப் புது இடத்துக்கு மாற்றியது. கட்டியவர்கள் ஒப்பந்தக்காரர்களும் நன்கொடை அமைப்புகளும்.

வீட்டின் அளவை முடிவுசெய்தது குடும்பத்தின் தேவை இல்லை, நிலம். நிலமில்லாதவருக்கு 250 சதுர அடி, நிறைய நிலம் இருந்தவருக்கு 750. இடிந்த வீடு திரும்பி வந்ததோ இல்லையோ, பழைய ஏற்றத்தாழ்வு அளவெடுத்தாற்போல வந்து சேர்ந்தது! முற்றத்தைச் சுற்றி வாழ்ந்து பழகியவர்களுக்கு நகரத்துக் காலனி போல நேர்கோட்டுத் தெருக்கள். மாட்டை எங்கே கட்டுவது, தானியத்தை எங்கே வைப்பது என்று வரைபடம் போட்டவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் குஜராத்தின் கச்சு மாவட்டம். 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை. குஜராத் முழுவதும் மாண்டவர்கள் 13,000-க்கும் மேல். இங்கே பெரும்பாலான கிராமங்கள் இடம் மாற மாட்டோம் என்றன. குஜராத் அரசு வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் தவணை தவணையாகப் பணம் போட்டது. முந்தைய கட்ட வேலையைப் பொறியாளர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அடுத்த தவணை. கதவு ஜன்னல்களுக்கு மேலே, லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பட்டை ஓடுகிறதா, மூலைகளில் கம்பி இருக்கிறதா என்பதெல்லாம் அதில் சேர்த்தி. கொத்தனார்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். திட்டத்தின் உயிர் அங்கேதான் என்பேன். பணம் மட்டும் கொடுத்திருந்தால் அடுத்த அதிர்ச்சியில் விழப்போகும் வீடுகளைத்தான் கட்டியிருப்பார்கள். கச்சின் பன்னிப் புல்வெளிப் பகுதியின் வட்டமான மண் வீடுகளான புங்காக்கள் பல அசையாமல் நின்றதையும் மறக்கக்கூடாது. உள்ளூர்க் கைக்கு ஏற்கெனவே வித்தை தெரிந்திருந்தது.

கச்சு இதைத் தானாகவே கண்டுபிடித்துவிடவில்லை. லாத்தூரிலேயே சேதம் குறைவான ஊர்களில் சொந்தக்காரர்களிடம் பணம் கொடுத்துப் பழுதுபார்க்க விட்டிருந்தார்கள். அந்த அனுபவம்தான் கச்சுக்குக் கைகொடுத்தது.

கிராமம் என்றால் என் ஓட்டு கச்சு வழிக்கே. ஆனால் அதே வழி மாவட்டத் தலைநகரான புஜ் நகரத்துக்குள் வந்ததும் திணறியது. நெருக்கமான பழைய நகரில் தெருவை அகலப்படுத்தி, மனைகளைத் திருத்தி, வரைபடம் முடிவாகும்வரை பணம் கையில் இருந்தாலும் கட்ட முடியாது. வாடகைக்குக் குடியிருந்தவர் பாடு இன்னும் மோசம். வீட்டு உதவித்தொகை வீட்டுக்காரர் பெயரில். அவரோ பழைய வாடகைக்கே விடுவதற்காகத் திரும்ப வீடு கட்ட அவசரப்படவில்லை.