கீழக்கரை கல் கடை: சந்திரகாந்தம் (மூன்ஸ்டோன்) வாங்கப் போறவங்களுக்கு

கீழக்கரை பஜார்ல உள்ள தள்ளி ஒரு சின்ன கல் கடை இருக்கு, போர்டெல்லாம் பெருசா கெடையாது, அந்தக் காலத்துல இருந்து இலங்கை யாவாரம் பாத்த குடும்பமாம். அம்மாவுக்கு ஜோசியர் முத்துக்கு பதிலா சந்திரகாந்தம் போடச் சொல்லிட்டாரு, முத்துக்குளிச்ச கடல பக்கத்துல வச்சிக்கிட்டு இது என்ன கூத்துன்னுதான் எனக்கு தோணுச்சு, சரி போனோம்.

கடைக்கார காக்கா (இங்க அண்ணன அப்படித்தான் கூப்பிடுவாங்க) எடுத்ததும் விலை பேசல. கருப்பு துணியில ரெண்டு கல்ல வச்சாரு, ரெண்டுமே நீலமா மின்னுச்சு. அப்புறம் லைட்டுக்கு நேரா தூக்கிக் காட்டுனா ஒண்ணு மட்டும் ஆரஞ்சு கலர்ல தெரியுது, அது ஒப்பலைட், வெறும் கண்ணாடி. அசல் கல்ல லேசா சாய்ச்சா வெளிச்சம் மேலாப்புல வழுக்கிட்டே போகுது. ஃபெல்ட்ஸ்பார்ங்குற கனிமத்துல ரெண்டு வகை மெல்லிசா அடுக்கடுக்கா இருக்குறதால வர்ற பளபளப்பாம். லென்ஸ குடுத்து “உள்ள பூரான் மாதிரி கீறல் தெரியுதா பாரும்மா, அது இருந்தா நம்பலாம்”னாரு, நெசமாவே காலோட பூரான் தெரிஞ்சுச்சு! ரெயின்போ மூன்ஸ்டோன்னு கேட்டதுக்கு அது லாப்ரடோரைட், வேற கல்லுன்னு அவரே சொல்லி தனியா வச்சிட்டாரு. நல்ல நீலத்துக்கு பேர் போனது இலங்கை மீட்டியாகொட, நம்ம காங்கேயம் பக்கமும் கெடைக்குது.

அம்மா விடல, “நிலா வெளிச்சத்துல வச்சா தண்ணி கசியுமாமே”ன்னாங்க. “கசிஞ்சா நம்ம ஜில்லாவுல ஏம்மா குடத்த தூக்கிட்டு லாரிக்கு நிக்கிறோம்”னு சிரிச்சாரு. ரோமாபுரிக்காரங்க இத உறைஞ்சு போன நிலா வெளிச்சம்னே நம்புனாங்களாம், அதுக்கு நம்மாளுங்க கதையே பரவால்ல.

குறைன்னா, எதுலயும் விலை ஒட்டல, பேரம் பேசத் தெரியாதவங்க பாவம். லேப் சர்டிபிகேட் கேட்டா “என் வாய்ச்சொல்தான்”ங்குறாரு, காசு குடுக்குறவங்களுக்கு அது பத்தாது. வெள்ளி கட்டித் தர்றதும் சொன்ன தேதிக்கு வரல, போன் போட்டு போட்டு வாங்குனேன்.

மோதிரமா கட்டாதீங்க, டாலரா போடுங்க. கல்லோட கடினத்த சொல்ற மோஸ் அளவுல இது 6, 6.5தான், கடக்கரை மணல் 7, அரியமான் பீச்ல மண்ண அளைஞ்சா கீறல் விழுந்துரும், ஓங்கித் தட்டுனா தகடா பொளந்துக்கும் வேற. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்கு பூட்டிருவாங்க, பாத்து போங்க. 5க்கு 4 ஸ்டார்.