ஆட்டிசம் உள்ள பையனுக்குக் கோதுமையில்லாத காலை உணவு: எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை

எங்கள் பையனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உண்டு, சீலியாக் நோயும் உண்டு. அதாவது, கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய். மொரீஷியஸில் காலைச் சாப்பாடு என்றாலே பேக்கரி ரொட்டி, ஃபராத்தா (பரோட்டா), பருப்பு வைத்துச் சுடும் மெல்லிய தோல் புரி. எல்லாமே கோதுமை. அவற்றை விட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இந்தச் சிக்கலில் இருக்கும் மற்ற வீடுகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. குளூட்டனை நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்று பலர் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சீலியாக் இருப்பதால்தான் நாங்கள் நிறுத்தினோம். சந்தேகம் இருந்தால், பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். நாலைந்து உணவை மட்டுமே தொடும் பிள்ளையிடமிருந்து காரணமில்லாமல் ஒன்றைப் பிடுங்குவது பெரிய கொடுமை.

குளூட்டன் இல்லாத பாக்கெட் ரொட்டி எங்களுக்கு ஒத்துவரவில்லை. விலை அதிகம், உதிர்ந்து போகும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு மாதம் கிடைக்கும் பிராண்டு அடுத்த மாதம் கடையில் இருக்காது. பிராண்டு மாறினால் நமக்கு அது வேறு ரொட்டி, அவ்வளவுதான். அவனுக்கோ அது முன்பின் தெரியாத உணவு.

கடைசியில் கைகொடுத்தது தோசை. ஆனால் எந்தத் தோசையும் அல்ல. உள்ளங்கை அகலம், வெளிர் நிறம், ஓரத்தில் கூட ஒரு பழுப்புப் புள்ளி இருக்கக் கூடாது. தவாவை நன்றாகச் சூடாக்கி, தண்ணீர் தெளித்துத் துடைத்து, தீயைக் குறைத்த பிறகுதான் மாவை ஊற்றுவேன். மூடி போட்டு ஒரு பக்கம் மட்டும் வேகவைத்தால் அந்த வெள்ளை நிறம் நிற்கும். ஃபராத்தா சுடும் தவா வேறு, இது வேறு. கோதுமை மாவு ஒட்டிய தவாவில் சுட்டால் பலனே இல்லை.

தோசையில் நிஜமான பாடு புளிப்புதான். நாங்கள் இருப்பது கியூர்பிப்பில். மேட்டுப்பகுதி, ஈரம் அதிகம். இங்கே குளிர்காலமான ஜூலை, ஆகஸ்டில் மாவு பொங்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஜனவரியிலோ காலைக்குள் புளித்துவிடும். கொஞ்சம் புளிப்பு கூடினாலும் அவன் ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவான். குளிர் மாதங்களில் பேக்கிங் ஓவனில் விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைக்கிறேன். வெயில் மாதங்களில் லேசாகப் பொங்கியதுமே சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். தினமும் ஒரே ருசி வந்த பிறகுதான் காலை அழுகை நின்றது.

அடுத்த இடம் மரவள்ளி பிஸ்கட்டுக்கு. மாஹேபூரில் ரோ குடும்பம் 1870 முதல் செய்துவரும் பிஸ்கட் அது. மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, காய்ந்த கரும்புத் தோகையை எரித்துச் சூடேற்றிய தட்டில் சுடுகிறார்கள். கெட்டியாக, வறண்டு இருக்கும். நொறுக்கென்ற சத்தம் பிடிக்கும் பிள்ளைக்கு நல்ல தேர்வு. தேங்காய் வகையை மட்டும்தான் தொடுவான். சத்து என்று பார்த்தால் பெரும்பாலும் மாவுச்சத்துதான். அதனால் தினசரி தருவதில்லை. புயல் நெருங்கி, எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்குப் போய்க் கடைகள் மூடினால், மின்சாரம் போனால், இதுதான் காப்பாற்றும். சூறாவளிப் பருவம் தொடங்கும் முன்பே வாங்கி வைத்துவிடுவோம்.

அரிசி மாவும் தேங்காயும் சேர்த்து ஆவியில் வேகும் புட்டு சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. காத்தோ பிமா என்ற மிளகாய் வடை பருப்பில் செய்வது என்றாலும் தெருக்கடையில் வாங்க மாட்டேன். சமோசா பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரிப்பார்கள். வீட்டில் மிளகாயில்லாமல் செய்தால் இரண்டு சாப்பிடுவான்.

மறைந்திருக்கும் கோதுமையைக் கவனியுங்கள். கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கார்ன்ஃப்ளேக்ஸில் பார்லி மால்ட் இருக்கலாம். சாதாரண சோயா சாஸிலும் கோதுமை உண்டு. பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும், பழகிய பொருளாக இருந்தாலும்.

புதிதாக ஒன்றைப் பழக்க, அவன் தட்டில் வைப்பதில்லை. பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் நகக்கண் அளவு வைப்பேன். தொடட்டும், முகரட்டும், விட்டுவிடட்டும். "ஒரு வாய் மட்டும்டா" என்று மாமியார் கெஞ்சுவதையும் நிறுத்தச் சொல்லிவிட்டோம். இப்படியே வாழைப்பழம் வந்தது. அப்புறம் தோசை மாவில் ஒரு கரண்டி அடித்த முட்டை கலந்து ஊற்ற, அதுவும் வந்தது, நிறம் லேசாக மஞ்சளானபோதும். இட்லி இன்னும் வரவில்லை. அதன் துளைகளைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கிண்ணத்தில் வைத்துக்கொண்டே இருக்கிறேன்.