பழைய மதராஸின் அரசுக் கட்டடங்கள்: அசல் அச்சா, அஞ்சலட்டையா, புதுப் பிரிண்டா?

சேப்பாக்கம் அரண்மனை, கோட்டைக்குள் இருக்கும் தலைமைச் செயலகம், செனட் ஹவுஸ், உயர் நீதிமன்றம். இவற்றில் ஏதாவது ஒன்றின் ஆரம்பகாலப் புகைப்படம் வேண்டும் என்று கிளம்பினால் ஐந்து வழிகள் தெரியும். அந்தக் காலத்திலேயே அச்சிட்ட ஆல்புமின் (முட்டை வெள்ளை பூசிய தாள்) பிரிண்டை ஏலத்தில் எடுக்கலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பட அஞ்சலட்டையைப் பழம்பொருள் வியாபாரியிடம் வாங்கலாம். அருங்காட்சியகமோ நூலகமோ தரும் ஸ்கேன் கோப்பைப் பருத்தித் தாளில் பிக்மென்ட் மையால் (கரையாத நிறத்துகள் கொண்ட மை) அச்சிடலாம். அதே கோப்பைக் கலர் லேபில் கொடுத்து போட்டோ பேப்பரில் போட்டுக்கொள்ளலாம். பொறுமை உள்ளவர்கள் முட்டை வெள்ளையும் வெள்ளி நைட்ரேட்டும் வாங்கிவைத்துப் பழைய முறையிலேயே கையால் அச்சிடலாம்.

பெரும்பாலானோர் விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு முன்னால் படம் எங்கே இருக்கப்போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சுவரில் மாட்டத்தான் என்றால் அசல் அச்சு, எவ்வளவு பணம் இருந்தாலும், தவறான தேர்வு.

அசல் ஆல்புமின்: பெட்டிக்குள் இருக்கவேண்டிய பொருள்

1850இல் பிரான்ஸின் பிளாங்கார் எவ்ரார் அறிவித்த முறை இது. உப்புக் கலந்த முட்டை வெள்ளையை மெல்லிய தாளில் பூசி, காயவைத்து, வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்கவிட்டு, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால் படம் தானே கறுத்து எழும். பிறகு தங்கக் குளோரைடில் நிறமேற்றி, ஹைப்போ (சோடியம் தையோசல்பேட்) கரைசலில் நிலைப்படுத்திக் கழுவுவார்கள். பெரிதாக்கும் வேலையே கிடையாது. கண்ணாடி நெகட்டிவ் என்ன அளவோ அதுதான் அச்சின் அளவு. அதனால்தான் 10 × 12 அங்குல அச்சில் உருப்பெருக்கியை வைத்தால் ஜன்னல் சட்டத்தின் பலகைகள்வரை எண்ண முடிகிறது. எந்த மறுஅச்சும் இந்த நுணுக்கத்தை முழுதாகத் தருவதில்லை.

ஆனால் மதராஸ் படங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆல்புமின் அச்சு வெளிறும்போது முதலில் போவது வெளிச்சமான பகுதிகளின் நுணுக்கம். வெள்ளை இடமெல்லாம் மஞ்சளாகி ஒரே பரப்பாகிவிடும். இந்த ஊரின் பழைய அரசுக் கட்டடங்களோ சுண்ணச்சாந்து மெருகேற்றிப் பளிங்குபோலப் பளபளத்தவை. பாங்க்வெட்டிங் ஹால், அதாவது இன்றைய ராஜாஜி ஹால், கோட்டைச் செயலகம் இரண்டுமே வெள்ளை. எனவே தூண்களின் குழிவும் கார்னிஸின் (சுவர் உச்சியில் துருத்தும் விளிம்பு) நிழலும்தான் முதலில் கரைகின்றன. (அந்த மெருகிலும் முட்டை வெள்ளை சேர்ப்பார்கள். கட்டடத்திலும் முட்டை, படத்திலும் முட்டை. கட்டடத்தில்தான் அதிகம் நின்றது.) சிவப்புக் கட்டடமான உயர் நீதிமன்றம் இந்த விஷயத்தில் தப்பித்துக்கொள்கிறது. அக்காலத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது, ஆகவே சுவர் கறுப்பாகவே பதிந்திருக்கும்; வெளிறினாலும் உருவம் நிற்கும். விலை பேசும்போது இதைக் கவனியுங்கள். வானம் மஞ்சளானால் பெரிய நஷ்டமில்லை. தூண் மஞ்சளானால் கட்டடமே போனதாக அர்த்தம்.

அசல்தானா என்று பார்க்க 30 மடங்கு உருப்பெருக்கியும் ஒரு புற ஊதா டார்ச்சும் போதும். ஆல்புமினில் மெல்லிய பளபளப்புக்கு அடியில் தாளின் நார்கள் தெரியும், மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் இருக்கும், புள்ளிகள் இருக்காது. நார் தெரியாமல் வழுவழுப்பான வெள்ளைப் படுகை தெரிந்தால் அது 1880களுக்குப் பிந்தைய ஜெலட்டின் அல்லது கொலோடியன் தாள். பளபளப்பே இல்லாமல் படம் நாருக்குள்ளேயே ஊறியிருந்தால் முட்டை வெள்ளை சேராத உப்புத்தாள் அச்சு. ஃபிரெடெரிக் ஃபீபிக் 1850களின் தொடக்கத்தில் எடுத்து, கையால் வண்ணம் தீட்டிய மதராஸ், கல்கத்தா, இலங்கைப் படங்கள் அந்த வகை. 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவற்றை வாங்கியது, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. டார்ச் அடிக்கும்போது தாள் நீலமாக ஒளிர்ந்தால் பேச்சை நிறுத்திவிடலாம். அப்படி ஒளிரவைக்கும் வேதிப்பொருள்கள் (ஒளிர்வூட்டிகள்) 1950களையொட்டித்தான் போட்டோ தாளுக்குள் வந்தன.

அடுத்து, படத்துக்குள் இருக்கும் சாட்சிகள். உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது 1892இல். அதன் உயர்ந்த கோபுரத்தில் கலங்கரை விளக்கு ஏறியது 1894இல். விளக்கறை தெரியும் படத்தை ‘1880’ என்று விற்பவர் ஒன்று அறியாதவர், அல்லது அறிந்தவர். ரிப்பன் மாளிகை 1913இல் திறக்கப்பட்டது. அதன் ‘19ஆம் நூற்றாண்டு ஆல்புமின்’ என்று ஒன்று இருக்கவே முடியாது. 

படத்தின் வயதும் அச்சின் வயதும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது. புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் 1870இல் இந்தியாவை விட்டுப் போன பிறகும் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் நிறுவனம் அவருடைய நெகட்டிவ்களிலிருந்து பல்லாண்டுகள் அச்சுப் போட்டு விற்றது. அடியில் கீறப்பட்டிருக்கும் எண்ணும் பெயரும் நெகட்டிவ் யாருடையது என்று சொல்லும். தாள் எந்த ஆண்டினுடையது என்று சொல்லாது.

வாங்கியாயிற்று என்றால், ஒட்டிய அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள். சுருண்டிருந்தால் நனைத்து நிமிர்த்தாதீர்கள்; ஈரம் பட்டு உலரும்போது வெடிப்பு கூடும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. சென்னையில் அது ஏசி அறையிலோ, மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு அவ்வப்போது மாற்றியோதான் நடக்கும். காட்சிக்கு வைத்தே ஆகவேண்டுமென்றால் 50 லக்ஸ் வெளிச்சம், சில வாரங்கள், பிறகு மறுபடி இருட்டு. நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அயல்நாட்டில் இருக்கும் உறவினருக்குப் பரிசாக அனுப்ப நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளட்டும்.

அஞ்சலட்டை: கையில் வைத்துப் பார்க்க

ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டவை முதல் பெயரில்லாதவை வரை, மதராஸ் அரசுக் கட்டட அஞ்சலட்டைகள் இன்னும் கிடைக்கின்றன. அளவு சுமார் 3.5 × 5.5 அங்குலம். அசலை விடப் பலமடங்கு மலிவு, அதுவும் அசலான காலப் பொருள்தான். முதுகில் நடுக்கோடு இல்லாத அட்டை, கோடு உள்ளதைவிட முந்தையது.

பெரிதாக்கிச் சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் உருப்பெருக்கியை எடுங்கள். ஒழுங்கான கட்டம் கட்டமாகப் புள்ளி தெரிந்தால் ஹாஃப்டோன், அதாவது புள்ளிகளால் உருவான அச்சு. இரண்டு மடங்குக்கு மேல் தாங்காது, ஸ்கேன் செய்யும்போது அலையலையாகக் கோலம் வேறு விழும். புழு நெளிந்ததுபோல ஒழுங்கற்ற துகள் தெரிந்தால் கொலோடைப், அதாவது ஜெலட்டின் பூசிய தகட்டிலிருந்து எடுத்த அச்சு. மூன்று நான்கு மடங்கு பெரிதாக்கினாலும் படமாகவே இருக்கும். வண்ண அட்டைகளின் நிறத்தை நம்பவேண்டாம். மதராஸைக் கண்ணால் பாராத அச்சகத்தார் பூசிய வண்ணம் அது.

பிக்மென்ட் இங்க்ஜெட் எதிர் கலர் லேப்

சுவருக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டிலும் முடிவைத் தீர்மானிப்பது பிரிண்டரை விடக் கோப்பு. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது கிட்டே நின்று பார்க்க. நான்கடி தள்ளிப் பார்க்கும் சுவருக்கு 180 போதும். 10 × 12 அங்குல அச்சை 600இல் ஸ்கேன் செய்திருந்தால் 6000 × 7200 பிக்சல், அதாவது 20 × 24 அங்குலத்துக்குத் தாராளம். இணையத்தில் கண்ட 1000 பிக்சல் படம் ஐந்தரை அங்குலத்துக்கு மேல் எதற்கும் ஆகாது. 19ஆம் நூற்றாண்டுப் படங்களின் காப்புரிமை முடிந்துவிட்டது; ஆனால் ஸ்கேன் தரும் நிறுவனத்துக்கென்று நிபந்தனைகள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி (Getty) அருங்காட்சியகம் 2013 முதலும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதலும் பொதுவுடைமைப் படங்களின் பெரிய கோப்புகளைக் கட்டணமின்றித் தருகின்றன. மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் எடுத்த படங்களை அங்கே தேடலாம்.

கோப்பு சிறியது என்று ஏஐ மென்பொருளில் போட்டுப் பெரிதாக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. கட்டடப் படத்தில் இது விஷம். மங்கலாக இருக்கும் வளைவை அது தானாகக் கூர்மையாக்கும், இல்லாத ஜாலியை (துளையிட்ட கல் தட்டி) போடும், ஏழு தூணை எட்டாக்கும். சேப்பாக்கத்தின் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. ஓமந்தூரார் வளாகத்திலிருந்த அரசினர் மாளிகை புதிய சட்டமன்றத்துக்காக இடிக்கப்பட்டது. இப்படிப்பட்ட கட்டடங்களுக்குப் பழைய படம்தான் சாட்சி. சாட்சியின் வாயில் நாம் சொல்லைப் புகுத்தக்கூடாது. தூசியும் கீறலும் நீக்குங்கள், அத்தோடு போதும். டிரைப் தன் நெகட்டிவ்களில் மேகத்தைக் கையால் தீட்டியவர். அது அவர் வேலை, அதைத் ‘திருத்த’ வேண்டியதில்லை.

பிக்மென்ட் அச்சில் தாளைப் படத்தின் வகைக்கேற்ப எடுக்கவேண்டும். உப்புத்தாள் படத்துக்குப் பளபளப்பில்லாத பருத்தித் தாள், 300 கிராம் அளவில். ஆல்புமின் படத்துக்கு பரைட்டா (பேரியம் சல்பேட் பூசிய தாள்) வகையின் மெல்லிய மினுக்கு. எதுவானாலும் ஒளிர்வூட்டி கலக்காத தாளாக இருக்கட்டும். நீலம் கலந்த வெண்மை மேல் ஆல்புமினின் வெதுவெதுப்பான பழுப்பு உட்காராது. முழுப் படத்துக்கு முன் 10 சென்டிமீட்டர் பட்டையில், வெள்ளைத் தூணும் இருண்ட வாயிலும் சேர்ந்து வரும் இடத்தைச் சோதனை அச்சுப் போடச் சொல்லுங்கள். கடையில் இருப்பது உண்மையில் பிக்மென்ட் மையா என்பதையும் கேட்கவேண்டும். டேங்க் வைத்த ஆறு வண்ணப் பிரிண்டர்கள் பலவற்றில் டை மைதான், அதாவது கரைந்த சாயம். நன்கு காய்ந்த சோதனைப் பட்டையில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். டை என்றால் பெரும்பாலும் கசியும். அச்சு வந்தபின் ஒரு நாளாவது திறந்து காயவிடாமல் ஃபிரேம் போட்டால் கண்ணாடியின் உள்பக்கம் புகை படர்ந்ததுபோலப் படியும்.

கலர் லேப் மலிவு. ஒரு மணி நேரத்தில் 12 × 18 அங்குலம் கைக்கு வரும். கூர்மையிலும் குறையில்லை. குறை வேறு இடத்தில். லேபின் இயந்திரம் பழுப்பைப் பார்த்ததும் நிறம் தவறிவிட்டது என்று எண்ணி நீலத்தைச் சேர்க்கும், ஆல்புமின் சாம்பலாகிவிடும். ‘கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம்’ என்று எழுதியே கொடுக்கவேண்டும், கோப்பும் எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற வழக்கமான வண்ண அமைப்பில் இருக்கவேண்டும். ரெசின் பூசிய தாளின் பிளாஸ்டிக் மினுக்கை எந்த மேட் முலாமும் முழுதாக மறைக்காது. படம் சாயத்தால் ஆனது. வெயில் படும் சுவரில் சில ஆண்டுகளில் நிறம் நகரும். பத்துப் பதினைந்து படங்களைக் கண்காட்சிக்கு ஒரு வாரம் வைக்க லேப்தான் புத்திசாலித்தனம். அலுவலக வரவேற்பறையில் இருபது வருடம் தொங்கவேண்டுமென்றால் பிக்மென்ட். ஃபிளெக்ஸில் அடிப்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

கையால் அச்சிடுவது

இது ஆசைக்கானது, எண்ணிக்கைக்கானதல்ல. ஆல்புமினை விட உப்புத்தாளில் தொடங்குவது எளிது. 2 சதவீத உப்புக் கரைசலைச் சிறிது ஜெலட்டினோடு தாளில் பூசிக் காயவைத்து, மங்கிய மஞ்சள் விளக்கில் 12 சதவீத வெள்ளி நைட்ரேட் பூசி, மறுபடி இருட்டில் காயவைக்க வேண்டும். கோப்பிலிருந்து ஒளிபுகும் ஃபிலிமில் டிஜிட்டல் நெகட்டிவ் அச்சிட்டு, சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்து, வேண்டியதைவிட நன்றாகவே கறுக்க விடுங்கள். ஹைப்போவில் போட்டதும் வெளிறிவிடும். நெகட்டிவில் கறுப்பு வெள்ளை வித்தியாசம் நன்கு அதிகமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் படம் சோகையாக வரும். தாள் அரைகுறையாகக் காய்ந்திருந்தால் வெள்ளி ஃபிலிமில் ஒட்டி நெகட்டிவ் பாழாகும். மழைக்காலத்தில் அதிகம் நடப்பது இது. ஹைப்போ மிஞ்சினால் ஓரிரு ஆண்டில் மஞ்சளாகும், எனவே ஓடும் நீரில் ஒரு மணி நேரம். கையுறை கட்டாயம், வெள்ளி நைட்ரேட் தோலில் கறை போடும், கண்ணில் பட்டால் ஆபத்து.

ஃபிரேமில் கெடுவது

நல்ல அச்சுகள் பெரும்பாலும் ஃபிரேம் கடையில்தான் சாகின்றன. லேமினேஷன் வேண்டாம். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. ஈரக்காற்றில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. ஆகவே நடுவில் அமிலமற்ற மவுண்ட் அட்டை. பின்னால் ஹார்ட்போர்டை நேராக வைக்காமல் இன்னொரு அமிலமற்ற அட்டையை இடையில் செருகச் சொல்லுங்கள். படத்தை ஃபெவிகாலால் ஒட்டாமல் மேல்விளிம்பில் மட்டும் கோந்துக் காகிதக் கீலில் தொங்கவிடட்டும். ஃபிரேமின் கீழ்மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். மழைக்காலத்தில் பூஞ்சை குறையும்.

பருத்தித் தாளில் போட்ட நல்ல பிக்மென்ட் அச்சும், கையால் செய்த உப்புத்தாளும் சில பத்தாண்டுகளில் பழையதாகத் தெரியத் தொடங்கும். பின்னாளில் யாரோ அதை அசலென்று விற்பார். பின்பக்கத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால் கட்டடத்தின் பெயர், எடுத்தவர், கோப்பு வந்த காப்பகமும் எண்ணும், அச்சு முறை, அச்சிட்ட ஆண்டு ஆகியவற்றை எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும்.