பிரெஞ்சு ஞாபகார்த்த வில்லைகளை மூடி ஒட்டிய பெட்டியில் வாங்க வேண்டாம்

வெளிநாட்டுச் சுற்றுலாத் தலங்களில் இயந்திரத்தில் காசு போட்டு எடுக்கும், நாணயம் போன்ற ஞாபகார்த்த வில்லைகளைச் சேகரிப்போர் கொழும்பில் அதிகம் இல்லை. இருக்கும் சிலராவது ஏமாறாமல் இருக்கட்டும் என்பதற்காக, கடந்த மாதம் 54,000 ரூபாயை நான் இழந்த விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு, பாரிஸில் லா சப்பல் பகுதியில் வசிக்கும் என் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தபோதுதான் இந்தப் பழக்கம் என்னைத் தொற்றியது. மொன்மார்த்ர் குன்றின் மேலுள்ள சக்ரே கேர் தேவாலயத்தில் நின்ற இயந்திரம் ஒன்றில் மருமகள் 2 யூரோக் குற்றியைப் போட, பொன்னிறத்தில் கனமான வட்ட வில்லை ஒன்று விழுந்தது. ஒரு பக்கம் தேவாலயம்; மறுபக்கம் பிரான்சின் அரச நாணயச்சாலையான மொன்னே து பாரியின் பெயரும் ஆண்டும். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 400 ரூபாய். ஊர் திரும்பும்போது என் பையில் ஒன்பது வில்லைகள் இருந்தன. ஆண்டு பொறிக்கப்படுவதால், ஒரே இடத்து வில்லையாக இருந்தாலும் பழைய ஆண்டுகளைத் தேடி அலைவது சேகரிப்போர் இயல்பு. அந்த இயல்பைத்தான் என்னை ஏமாற்றிய விற்பனையாளர் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்.

நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பற்றியதற்கு முந்திய ஆண்டுகளின் வில்லைகள் உட்படப் பன்னிரண்டு வில்லைகள் தன்னிடம் இருப்பதாகவும், ஒன்று 4,500 ரூபாய் வீதம் முழுத் தொகுதியாகவே தருவதாகவும் முகநூலில் அவர் விளம்பரம் செய்திருந்தார். "அண்ணா, இனிமேல் இது கிடைக்காது, இரண்டு பேர் கேட்டுக்கொண்டு இருக்கினம்" என்று அவர் சொன்னதும் 20,000 ரூபாய் முற்பணம் அனுப்பினேன். வங்கிக் கணக்கில் இருந்த பெயர் வேறாக இருந்தது. மனைவியின் கணக்கு என்றார். கணக்காளராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

மீதியைக் கொடுப்பதற்குக் கோட்டை சதாம் வீதியில், மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கும் கட்டடத்துக்கு அருகே வரச் சொன்னார். நாணயங்களைக் காட்சிப்படுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவர் நாணயமானவராகத்தான் இருப்பார் என்று என் மனம் தானாகவே முடிவுகட்டிவிட்டது. ஒவ்வொரு வில்லையும் வட்டமான தெளிந்த பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருந்தது. மேலே இருந்த மூன்றை மட்டும் திறந்து என் உள்ளங்கையில் வைத்தார், அவை உண்மையானவை. மற்ற ஒன்பதின் மூடிகளும் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. "திறந்தால் காற்றுப் பட்டு மதிப்புக் குறைந்துவிடும் அண்ணா" என்றார். நானும் தலையாட்டிவிட்டு 34,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

வெள்ளவத்தைக்குத் திரும்பி, பெட்டிகளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைக்கப்போனபோதுதான் உண்மை தெரிந்தது. அதன் கதவில் சக்ரே கேரில் வாங்கிய காந்தப் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. கைதவறி ஒரு பெட்டி அதன் அருகே போனதும் உள்ளே இருந்த வில்லை 'டக்' என்று நகர்ந்து சுவரில் மோதி நின்றது. செம்பை முதன்மையாகக் கொண்டு அலுமினியமும் சிறிதளவு நிக்கலும் கலந்த உலோகத்தில் அடிக்கப்படும் இந்த வில்லைகளைக் காந்தம் இழுக்காது. 2005இலிருந்து சில ஆண்டுகள் வெளிவந்த நம்முடைய பொன்னிற 5 ரூபாய்க் குற்றி ஒட்டுமே என்று கேட்கலாம். அது பித்தளை முலாம் பூசிய உருக்கு, அதனால் ஒட்டுகிறது. ஒன்பதில் ஆறு காந்தத்தில் ஒட்டின.

மிகுதி மூன்றும் ஒட்டாததால் அவையாவது தப்பியதென்று மறுநாள் வரை நம்பிக்கொண்டிருந்தேன். செட்டியார் தெருவில் எனக்குப் பழக்கமான நகைக்கடை ஒன்றுக்குக் கொண்டுபோய், மூடிகளை உடைத்துத் தராசில் வைத்தோம். என்னிடமிருந்த உண்மையான வில்லைகள் 34 மில்லிமீற்றர் குறுக்களவும் ஏறத்தாழ 16 கிராம் எடையும் கொண்டவை. இந்த மூன்றில் ஒன்றுகூட 12 கிராமைத் தாண்டவில்லை. கடைக்காரர் கண்ணாடியை வைத்து விளிம்பைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது அடித்ததில்லை, உருக்கி ஊற்றினது" என்றார். இரண்டு அச்சுகள் சேரும் இடத்தில் விளிம்பைச் சுற்றி மெல்லிய பொருத்துக்கோடு ஓடியது. எழுத்துகளோ நனைந்த சவர்க்காரத்தில் பதித்ததுபோல் மழுங்கியிருந்தன. உண்மையான வில்லையில் அதே எழுத்தின் மேல் நகத்தை ஓட்டினால் அது தட்டுப்படும். துத்தநாகக் கலப்பாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். ஆகவே காந்தத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்: இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும், மற்றதைத் தராசுதான் காட்டிக்கொடுக்கும். நகைக்கடைத் தராசு வசதிப்படாவிட்டால், சமையலறையில் மா நிறுக்கும் சிறு மின்தராசே இந்த நான்கு கிராம் வித்தியாசத்துக்குப் போதும்.

தொலைபேசியில் கேட்டபோது, தானும் இன்னொருவரிடம் வாங்கியதாகச் சொன்ன விற்பனையாளர் அதன்பின் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிவு செய்தார்கள். ஆனால் கையில் கொடுத்த 34,000 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. முற்பணம் அனுப்பிய வங்கிச் சீட்டும் குறுஞ்செய்திகளும் மட்டுமே சான்றாக உள்ளன. உண்மையான மூன்றில் இரண்டு, 2018இல் நானே எடுத்து வந்தவற்றின் அதே இடமும் அதே ஆண்டும் கொண்டவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயந்திரத்தில் ஓரிரு யூரோவுக்குக் கிடைத்த பொருளுக்குப் பழைய ஆண்டு என்பதற்காகக் கூடுதலாகக் கொடுப்பதை நான் தவறென்று சொல்லவில்லை. எனக்கே அந்த ஆசை இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடுதலைக் கொடுக்குமுன் வில்லை உங்கள் கையில், பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். மொன்னே து பாரியின் வில்லையைப் பசை போட்டு ஒட்டி வைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. இயந்திரத்திலிருந்து அது உறையே இல்லாமல்தான் விழுகிறது.

நேற்று அதே தொகுதி வேறொரு பெயரில், 60,000 ரூபாய்க்கு மீண்டும் விளம்பரமாகியிருக்கிறது. படத்தில் பச்சை மேசை விரிப்பு. இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவது பெட்டியின் மூடியில் பிறை வடிவில் ஒரு கீறல் தெரியும். அந்தப் பெட்டி உடைந்த மூடியுடன் இப்போது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. விளம்பரத்தில் இருப்பது பழைய படம்.